படுத்துக்கொண்டு போன தோட்டா

அத்தியாயம் 7

வாழைமரத்தில் இருந்த ஓட்டையை ஆச்சி முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம்தான் சில்லு. மறுபக்கத்துச் சில்லு, சப்பான்காரன் சிங்கப்பூரில் போட்ட குண்டுக்கு ஜொகூர் பாருவில் பயந்து விழுந்து உடைந்துவிட்டது.

"ஐயாசாமி, இது என்ன?"

"வாழைமரம் ஆச்சி."

"அதுல?"

"ஓட்டை."

"என்ன மாதிரி ஓட்டை?"

"காலியான ஓட்டை."

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தகுந்த பதில் சொன்னால்தான் பார்ப்பார். அதனால் நாங்கள் பல நாள் முகம் பார்க்காமலே வேலை செய்திருக்கிறோம்.

கமலாட்சி ஆச்சியின் அப்பா செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்து, வட்டிக்கடை வைக்காமல், ஜொகூர் பாருவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். அந்தச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று காரைக்குடிப் பக்கம் ஒரு தெரு முழுக்க அடுப்பு எரியவில்லை என்று கேள்வி. ஆச்சி கிலுகிலுப்பைக்குப் பதில் காலித் தோட்டாக்களைக் குலுக்கி வளர்ந்தவர். அப்பா போன பிறகு கடையோடு துப்பறியும் வேலையையும் சேர்த்துக்கொண்டார். காணாமல் போன மாடு, மூக்குத்தி, மாப்பிள்ளை, எதுவானாலும் கண்டுபிடித்துக் கொடுப்பார். அதில் மாடு மட்டும்தான் திரும்பி வந்ததற்குச் சந்தோசப்படும்.

நான் ஐயாசாமி. கூலாய் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். பெட்ரோல் சண்டைக்குப் போய்விட்டதால் பஸ் நின்றது. வாய் நிற்கவில்லை. ஆச்சி என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார்.

அன்று காலை, டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் ஆச்சியைப் பின்னால் வைத்துக்கொண்டு, செடெனாக் பக்கத்து லாலாங் ரப்பர் தோட்டத்துக்கு மிதித்து வந்திருந்தேன். அந்தச் சைக்கிள் போட்ட சத்தத்தில் வழியில் ஒரு மலாய்க் கம்பத்து ஜனமே பதுங்குகுழிக்குள் இறங்கியது.

எங்களை வரச் சொன்னவள் வெள்ளையம்மா. அவள் புருசன் தங்கராஜுவை மத்தியானம் சயாமுக்கு லாரி ஏற்றப் போகிறார்கள். சயாம் ரயில்பாதையே போட்டு முடித்தாயிற்று என்று பேச்சு. ஆனால் ஆள் பிடிக்கிற லாரிக்கு அந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை. அதில் ஏறிப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் அதுவரை செடெனாக்கில் யாரும் பார்த்ததில்லை.

தங்கராஜு செய்த குற்றம் பன்றியைச் சுடாதது.

அரிசி வராத காலம். தோட்டத்துக்கே மரவள்ளிக் கிழங்குதான் சோறு. காட்டுப்பன்றிக்கும் மரவள்ளி பிடிக்கும். அதனால் தோட்டத்தை நடத்திவந்த சப்பான் லெப்டினன்ட் மொரிதா, தங்கராஜுவிடம் மட்டும் ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்து, பன்றி சுடச் சொல்லியிருந்தான். ஒரு வருசம் குறியே தப்பவில்லை. ஆயுத பூசை முடிந்தது. அன்றிலிருந்து ஒரு பன்றிகூட விழவில்லை. தோட்டா மட்டும் தீர்ந்துகொண்டே வந்தது.

"தோட்டாவ காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுகாரவங்களுக்கு வித்துட்டு, சுட்டேன் சுட்டேன்னு சொல்றான்னு சொல்றாங்க ஆச்சி," என்றாள் வெள்ளையம்மா. பால் வெட்டும் கத்தி இன்னும் அவள் கையில் இருந்தது. "சுட்டுத் தப்பவிட்டான்னா அது நாசவேலையாம். சுடலன்னா திருட்டாம்."

"ரெண்டுக்கும் தண்டனை?"

"ஒரே லாரிதான்."

"சிக்கனமான ஆளுங்க," என்றேன் நான்.

"எங்க வீட்டுக்காரரு கண்ணு தப்பாதுங்கண்ணே! பறக்கற கொசுவ பாத்து ஆணா பொண்ணான்னு சொல்வாரு."

"கொசு ஒத்துக்குமா?"

"ஐயாசாமி," என்றார் ஆச்சி. நான் நிறுத்தினேன். "லாரி எப்ப வருது வெள்ளையம்மா?"

"உச்சிக்கு."

"எந்த உச்சி? நம்ம உச்சியா, தோக்கியோ உச்சியா?"

வெள்ளையம்மாவின் முகம் மாறியது. சப்பான்காரன் வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டான். அவன் உச்சிவேளை, சூரியன் உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி முன்பே வந்துவிடும். சூரியனுக்குத்தான் இன்னும் உத்தரவு போகவில்லை.

"அலமாக்!" என்றாள் வெள்ளையம்மா.

ஆச்சி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, வாழைமரத்தைக் குடைய ஆரம்பித்தார்.

மரவள்ளிக் காட்டுக்குப் பின்னால் வரிசையாக வாழை. பன்றியைக் குறி வைத்துத் தப்பிய தோட்டாவெல்லாம் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தும் இருந்தது. ஆனால் ஓட்டைகளைப் பார்த்தால் தோட்டா போட்ட ஓட்டை மாதிரி இல்லை. துப்பாக்கி சுட்டால் பொட்டு வைத்தாற்போல வட்டமாக இருக்க வேண்டுமே! இங்கே ஒவ்வொன்றும் நீளவாட்டில், ஒரு பக்கம் கூராக, ஒரு பக்கம் மட்டையாக இருந்தது. ஒன்று நெட்டுக்குத்தலாக, ஒன்று சாய்வாக, ஒன்று ஸ்ரீரங்கத்துப் பெருமாள் மாதிரி முழுச் சயனத்தில்.

ஆச்சி ஒரு தோட்டாவைத் தோண்டி எடுத்து அந்த ஓட்டையின் மேல் படுக்கவைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"மூஞ்சிய முன்னால வச்சு வரலடா. பக்கவாட்டுல உருண்டு வந்திருக்கு."

"தோட்டாவுக்கு அசதியா இருந்திருக்கும். படுத்துக்கிட்டே வந்திருக்கு."

இந்த முறை ஆச்சி என்னைப் பார்த்தார். "பரவால்லயே," என்றார்.

*

தங்கராஜுவை ரப்பர் பாளம் உலர்த்தும் புகைக்கூட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு சிப்பாய். நான் அவனுக்குக் குனிந்தேன். அவன் திருப்தியாகும் வரை குனிந்தேன். அதற்குள் ஆச்சி பின்பக்கத்துக் காற்றுப் பொந்தருகே போய்விட்டார்.

"தங்கராஜு, நான் கமலாட்சி. இருமாம பதில் சொல்லு."

"சரிங்க ஆச்சி," என்று உள்ளே ஒரு குரல் இருமியது.

"பூசைக்கு அப்புறம் தோட்டா மாறிச்சா?"

"இல்ல ஆச்சி. அதே பெட்டிதான். பெரிய தொரை காட்டெருமைக்கு வச்சிருந்த நெட்டைத் தோட்டா. கனமா இருக்கும்."

"துப்பாக்கி மாறிச்சா?"

"என் துப்பாக்கிதான். கட்டைல என் பல்லுத் தடம் இருக்கு."

"பல்லா?" என்றேன் நான்.

"குளிர்காய்ச்சல்ல நடுங்கறப்ப கடிச்சேன்ணே. வேற என்ன இருந்துச்சு கடிக்க?"

ஆச்சி துப்பாக்கியின் சரித்திரத்தைக் கேட்டார். தங்கராஜு புகைக்கு நடுவே சொன்னான். லாலாங் தோட்டத்தில் அண்ணன் தம்பியாக இரண்டு துரைகள் இருந்தார்களாம். இருவரும் ஒரே ஆளிடம் ஜோடியாகத் துப்பாக்கி செய்யச் சொல்லி வாங்கினார்கள். பெரிய துரைக்குக் காட்டெருமை. சின்ன துரைக்கு மான். பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். பயணத்துக்கு வசதியாகக் குழாயைத் திருகிக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். ஒன்றின் தோட்டா மற்றதிலும் நுழையும், நெட்டையானாலும் குட்டையானாலும். சப்பான்காரன் வந்ததும் துரைகள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெரிய துரையுடையதும் கனத் தோட்டாவும் தங்கராஜுவிடம் வந்தன. சின்ன துரையுடையதும் லேசான தோட்டாவும் லெப்டினன்டிடம் போயின. மான் கறி லெப்டினன்டுக்குப் பிடிக்கும்.

"பூசையில என்ன பண்ணீங்க?"

"எப்பவும் பண்றதுதான் ஆச்சி. கத்தி, வாளி, மம்பட்டி எல்லாம் கழுவி அம்மன் முன்னால வச்சோம். துப்பாக்கிய பிரிச்சு, செம்பனை எண்ணெ போட்டு, சந்தனம் வச்சேன். லெப்டினன்டு கேள்விப்பட்டுச் சந்தோசமாயி, அவரு துப்பாக்கியவும் குடுத்தனுப்பிட்டாரு. அதையும் பிரிச்சு வச்சோம். குழா ரெண்டையும் அம்மனுக்கு வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு, குத்துவிளக்கு மாதிரி நிறுத்தினாரு பூசாரி. பாக்க அம்சமா இருந்துச்சு ஆச்சி."

"திரும்ப மாட்டினது யாரு?"

உள்ளே இருமல் நின்றது.

"பாக்கல ஆச்சி."

"உன் துப்பாக்கிய நீ பாக்கலயா?"

"குனிஞ்சிருந்தேன். எல்லாருமே குனிஞ்சிருந்தோம். லெப்டினன்டு பூசை பாக்க வந்தாரு. அவரு வந்தா குனியணும், அவரு சொன்னாத்தான் நிமிரணும். அவரு சொல்ல மறந்துட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"பூசாரி குனிஞ்சபடியே தீபாராதனை காட்டினாருன்னா பாத்துக்குங்க. அம்மன் கால் மட்டும்தான் தெரிஞ்சுச்சாம். நாங்க நிமிந்தப்ப ரெண்டு துப்பாக்கியும் மாட்டியாச்சு. ஸ்டோர் சாவி வச்சிருக்கற கிராணி கொண்டாந்து கையில குடுத்தாரு."

திரும்பி நடக்கும்போது நான் ஆச்சியின் காதருகே சொன்னேன்: "கேசு முடிஞ்சிருச்சு ஆச்சி. கிராணிதான்."

"எப்படி?"

"சாவி அவன்கிட்ட. தோட்டா அவன்கிட்ட. துப்பாக்கியும் அவன் கைலேருந்துதான் வந்திருக்கு. மூஞ்சியும் எனக்குப் புடிக்கல."

"நீ இன்னும் அவன பாக்கவே இல்லையேடா."

"பாத்தா புடிக்காது."

*

ஸ்டோர் கிராணி கனகராஜ், யார் வந்தாலும் குனிகிற பழக்கத்துக்கு ஆளாகிவிட்டவர். நாங்கள் நுழைந்ததும் எங்களுக்குக் குனிந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஆட்டுக்கும் குனிந்தார். ஆடு கண்டுகொள்ளவில்லை.

தங்கராஜுவின் துப்பாக்கி ஸ்டோரில்தான் இருந்தது. ஆச்சி அதைக் கேட்டு வாங்கி, பின்கதவைத் திறந்து காலி என்று பார்த்துக்கொண்டார். குழாய் துடைக்கிற கம்பியின் நுனியில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றினார். மறுமுனைக்குக் கிட்டத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார்.

"கம்பிய லேசா புடி ஐயாசாமி. நீ திருப்பாதே. அது திரும்பினா விட்டுரு."

குழாய்க்குள் சுருள் சுருளாக வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்கள். தோட்டா அதைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியே பாயும். அந்தச் சுழற்சிதான் அதை மூக்கு நேராகப் போக வைக்கும். துணியும் அதே பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போனதால் கம்பி என் கைக்குள் தானாகத் திரும்பியது. ஆனால் என்ன திரும்பல்! கோவில் யானை திரும்புகிற வேகத்தில் சுண்ணாம்புப் புள்ளி மேலே வந்தது, கீழே போனது. குழாயின் கடைசி வரைக்கும் போயும் இரண்டு சுற்று தேறவில்லை.

"இந்த நெட்டைத் தோட்டாவுக்கு மூணு சுத்தாவது வேணும்," என்றார் ஆச்சி. "எங்கப்பா பெரிய தொரைங்க துப்பாக்கிய துடைக்கறப்ப நான்தான் எண்ணுவேன்."

"நெட்டைக்கு என்ன தனி மரியாத?"

ஆச்சி மேசை மேல் கிடந்த செம்பனைக் கொட்டை ஒன்றில் தீக்குச்சியைச் செருகினார். மரவள்ளிக் குச்சியில் விரல் நீளம் வெட்டி முனையைச் சீவினார். இரண்டு பம்பரம் தயார். கொட்டையைச் சோம்பலாகச் சுழற்றிவிட்டார். அது குந்தினாற்போல நின்று சுற்றியது. குச்சியையும் அதே சோம்பலோடு விட்டார். குடித்துவிட்டு வந்த மாமன் மாதிரி சாய்ந்து, உருண்டு, மேசையைவிட்டு இறங்கிப் போனது. அதையே சாக்குச் சணலைச் சுற்றி விறுக்கென்று இழுத்துவிட்டார். நிமிர்ந்து நின்றது.

"ரெண்டு தோட்டாவுக்கும் குறுக்களவு ஒண்ணுதான். எடை கூடக் கூட தோட்டா நீண்டுக்கிட்டே போகும். நீள நீள, நிமிந்து நிக்க வேகமா சுத்தணும். இந்தக் குழா வேகமா சுத்தாது. இது மான் சுடற குழா. குட்டைத் தோட்டாவுக்கு வெட்டினது. ஒரு வருசம் நெட்டைத் தோட்டாவ நேரா அனுப்பின குழா இது இல்ல."

"கட்டை தங்கராஜுவோடது..."

"குழா லெப்டினன்டோடது. பூசையில பிரிச்சத மாத்தி மாட்டிட்டாங்க."

நான் யோசித்தேன். எனக்கு அது அடிக்கடி வருவதில்லை, வந்தால் விடமாட்டேன். "இருங்க ஆச்சி. மாறினா ரெண்டும்தானே மாறியிருக்கணும்? லெப்டினன்டு பூசைக்கு அப்புறமும் மான் அடிச்சிருக்கானே. அம்மன் ஆசீர்வாதம்னு கூலாய் வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறானே. அவன் குறி ஏன் தப்பல?"

"கேக்க வேண்டிய கேள்விதான்," என்றார் ஆச்சி. கொட்டைப் பம்பரத்தில் சணலைச் சுற்றி விறுக்கென்று இழுத்துவிட்டார். அது முன்னைவிட நேராக நின்று, மேசையில் அசையாமல் சுற்றியது. ஆடுகூட நின்று பார்த்தது.

"குட்டையன எவ்வளவு வேகமா சுத்தினாலும் நிப்பான். நெட்டையன மெதுவா சுத்தினாத்தான் விழுவான். மாறினது ரெண்டு பேருக்கும். அடிபட்டது ஒருத்தனுக்கு."

"அப்ப மாத்தி மாட்டினவன்..." நான் திரும்பி, கனகராஜை நோக்கி விரலை நீட்டினேன். இந்த இடத்தை ரொம்ப நாளாக மனத்தில் பழகி வைத்திருந்தேன். "கிராணியாரே! ஒத்துக்கிருங்க!"

"நான் கண்ணத்தான் கட்டினேன்!" என்று அலறினார் கனகராஜ்.

மேசையில் கொட்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"யாரு கண்ண?" என்றார் ஆச்சி.

கனகராஜ் குனிந்த தலையை நிமிர்த்தாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, குன்றின் மேலிருந்த பங்களாவைக் காட்டினார்.

"ராணுவத்துல வேகமா மாட்டுவோம், பாருங்கன்னாரு. கண்ண கட்டிக்கிட்டே மாட்டறேன்னாரு. என்ன கூப்பிட்டுத் துணிய கட்டச் சொன்னாரு. நான் மட்டும்தான் ஆச்சி நிமிந்திருந்தேன். முடிச்சு போடணும்ல? அவரு பாட்டுக்குக் கைக்கு வந்தத எடுத்து டக்கு டக்குன்னு மாட்டினாரு. எப்படின்னு கேட்டாரு. எல்லாரும் குனிஞ்சபடியே கை தட்டினாங்க."

நீட்டிய விரலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. காதைச் சொறிந்துகொண்டேன்.

"இத லெப்டினன்டுகிட்ட சொன்னா?" என்றாள் வாசலில் நின்ற வெள்ளையம்மா.

"உங்க வீட்டுக்காரர் லாரில போக மாட்டாரு," என்றேன். "லாரில ஏறக் கழுத்துல தல இருக்கணுமே."

ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு அவித்த மரவள்ளித் துண்டை எடுத்து, நிதானமாக மென்றார்.

"துப்பறியறதுல இதான் தொல்லை," என்றார். "சில சமயம் கண்டுபிடிச்சிடறோம்."

கீழே எங்கேயோ லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. தோக்கியோ உச்சி கிளம்பிவிட்டது.

"கிராணியாரே, லெப்டினன்டோட குட்டைத் தோட்டா எவ்வளவு இருக்கு?"

"பெட்டி பெட்டியா இருக்கு ஆச்சி."

ஆச்சி எழுந்து புடவையை உதறினார். "நெட்டை ஒண்ணு, குட்டை ஒண்ணு குடுங்க. ஐயாசாமி, அந்த ஓட்டை போட்ட வாழைத்தண்ட வெட்டித் தூக்கிட்டு வா. வெள்ளையம்மா, நீ வேண்டிக்க. அம்மனத்தான் வேண்டணும்னு இல்ல. யாரு ஓய்வா இருந்தாலும் சரி."

*

லெப்டினன்ட் மொரிதா பங்களா வராந்தாவில் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் வராது. எங்களுக்குச் சப்பான் வராது. மலாய் இரண்டு பேருக்கும் அரைகுறையாக வரும். அந்த அரைகுறையில்தான் மூன்று வருசம் நாடு நடந்தது. அவர்கள் பேசியதை நான் நல்ல தமிழில் எழுதுகிறேன், ஐயா என்கிற 'துவான்' மட்டும் அப்படியே.

ஆச்சி குனிந்தார். நான் வாழைத்தண்டோடு குனிந்தேன்.

"துவான், இந்தத் தோட்டத்தில் ஒரு மரியாதைக் குறைவு நடக்கிறது. புகார் சொல்ல வந்தேன்."

"தங்கராஜுவா? அவனுக்குத்தான் லாரி வருகிறதே."

"அவன் இல்லை, துவான். அவனுடைய தோட்டா."

ஆச்சி வராந்தாக் கட்டையில் நெட்டைத் தோட்டாவையும் குட்டைத் தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளைத் தோழனையும் நிறுத்தினாற்போல இருந்தது.

"பெரியது யாருடையது, துவான்?"

லெப்டினன்ட் குனிந்து பார்த்தான். "கூலியுடையது."

"சிறியது?"

அவன் அந்தக் குட்டையைப் பார்த்தான். நெட்டையைப் பார்த்தான். மறுபடி குட்டையைப் பார்த்தான். அவன் காது மெல்லச் சிவந்தது.

"துரைகள் காலத்தில் கனத் தோட்டா பெரிய துரைக்கு மட்டும்தான்," என்றார் ஆச்சி. "சின்ன துரைகூடத் தொடமாட்டார். இப்போது கூலி பெரியதைச் சுடுகிறான், அதிகாரி சிறியதைச் சுடுகிறார். தோட்டாவுக்கே பொறுக்கவில்லை. இதோ பாருங்கள். வெட்கத்தில் படுத்துக்கொண்டு போயிருக்கிறது."

நான் வாழைத்தண்டை முன்னால் வைத்தேன். லெப்டினன்ட் படுத்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் போருக்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தான் என்று கேள்வி. அதனால் எந்தக் கதையையும் உடனே நம்பமாட்டான்.

"என் துப்பாக்கியில் இந்தப் பெரியது படுக்காதா?"

"படுக்காது, துவான்."

"படுத்தால்?"

ஆச்சி நெட்டைத் தோட்டாவை எடுத்து அவன் பக்கம் நீட்டினார். லெப்டினன்டின் குழாயை நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது பெரிய துரையின் குழாய்தான் என்பது இரண்டு பம்பரமும் ஒரு ஆடும் சொன்ன சாட்சி. பம்பரம் பொய் சொல்லியிருந்தால் லாரியில் மூன்று பேர்.

அவன் என்னைப் பார்த்து, வாழைத்தண்டை முற்றத்துக் கடைசியில் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். திரும்பி வருவதற்குள் சுட்டுவிடுவானோ என்று நான் ஓடிய ஓட்டத்தைக் குதிரைப் பந்தயக்காரர் யாராவது பார்த்திருந்தால் என்னை வாங்கியிருப்பார்.

நெட்டைத் தோட்டா உள்ளே போனது. துப்பாக்கி வெடித்தது. காகங்கள் எல்லாம் கூலாய் பக்கம் குடிபெயர்ந்தன.

லெப்டினன்ட் தானே நடந்து போய்ப் பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் கேட்ட இரண்டாவது இனிமையான சொல் அப்போது காதில் விழுந்தது.

"பாகுஸ்!"

மலாயில் பிரமாதம் என்று அர்த்தம். கண்ணைத் திறந்தேன். வாழைத்தண்டின் நடுவில், கம்பாஸ் வைத்து வரைந்தாற்போல ஒரு வட்டம்.

"இனிமேல் பெரியது எனக்கு," என்றான் லெப்டினன்ட். "சிறியது கூலிக்கு. இது உத்தரவு."

"துவான் சொன்னால் சரி," என்றார் ஆச்சி, தனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றைக் கேட்டவர் போல. "கூலிக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்க்கலாமா? அவனும் அவனுக்கு ஏற்ற தோட்டாவைச் சுட்டால் ஒருவேளை..."

"ஒரு தோட்டா. தப்பினால் லாரி."

*

பன்றிக்கு இராத்திரிதான் நேரம் என்பார்கள். அது மற்ற ஊர்ப் பன்றிக்கு. தங்கராஜுவின் துப்பாக்கி வெறும் சத்தம்தான் என்று தெரிந்துகொண்ட பிறகு, லாலாங் தோட்டத்துப் பன்றிகள் பட்டப்பகலில் குடும்பத்தோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்து போகும். நாங்கள் போனபோது தாட்டியான ஒன்று மரவள்ளிக் காட்டின் நடுவே நின்று எங்களை நிமிர்ந்து பார்த்தது. பிறகு சாப்பாட்டைத் தொடர்ந்தது.

தங்கராஜுவைக் கொண்டுவந்தார்கள். புகையில் கண் இரண்டும் மிளகாய்ப் பழம். தண்ணீராக ஊற்றியது. பின்னால் சாலையில் லாரி வந்து நின்று, ஒரு சார்ஜண்ட் இறங்கி, கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"தங்கராஜு, இது லேசுத் தோட்டா," என்றார் ஆச்சி தணிந்த குரலில். "தோளுல பட்டா பன்னி சிரிக்கும். காதுக்குப் பின்னால வை."

"ஆச்சி, பன்னி ரெண்டா தெரியுது."

"எதுல காது நல்லா தெரியுதோ அதச் சுடு."

வெள்ளையம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தங்கராஜு துப்பாக்கிக் கட்டையில் தன் பல்லுத் தடத்தைத் தடவிப் பார்த்தான். கன்னத்தை வைத்தான். மூச்சை விட்டான்.

வெடித்தது.

பன்றி ஓடவில்லை. ரொம்ப ஆச்சரியப்பட்டாற்போல உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. அன்றைக்குப் படுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

வெள்ளையம்மா அழுதாள். கனகராஜ் குனிந்தார். லெப்டினன்ட் தலையை ஆட்டினான், எல்லாம் தன் உத்தரவின் பலன் என்பதாக. உண்மையில் பாதி அப்படித்தான்.

"என் உத்தரவு வேறு," என்றான் சார்ஜண்ட், லாரியைக் காட்டி. அவனும் மலாயில்தான் பேசினான், எங்களுக்கும் புரியட்டும் என்று. "லாலாங் தோட்டம், ஒரு உருப்படி. வெறுங்கையாகப் போக முடியாது."

எல்லார் சந்தோசமும் அப்படியே நின்றது. லெப்டினன்ட் தங்கராஜுவைப் பார்த்தான். கனகராஜைப் பார்த்தான். என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தான். எனக்கு உடம்பு இளைத்தது.

ஆச்சி மட்டும் லாரியில் இருந்த சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பன்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் தினம் மரவள்ளிதான்.

"உருப்படிக்கு எத்தனை கால் என்று உத்தரவில் இருக்கிறதா, துவான்?" என்று மரியாதையாகக் கேட்டார் ஆச்சி.

சார்ஜண்ட் லெப்டினன்டைப் பார்த்தான். லெப்டினன்ட் வானத்தைப் பார்த்தான். வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பன்றியைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. சிப்பாய்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். ஏற்றுகிற ஆளுக்குக் கழுத்தில் மாட்ட, பெயர் எழுதிய மரப்பலகை ஒன்றைச் சார்ஜண்ட் தயாராக வைத்திருந்தான். முறை என்றால் முறை. அதைப் பன்றியின் கழுத்தில் கட்டினான். தங்கராஜு என்று அதில் எழுதியிருந்தது.

லாரி கிளம்பியது. தங்கராஜு சாலையோரம் நின்று, தன் பெயர் சயாமுக்குப் போவதைப் பார்த்தான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நன்றாகக் குனிந்தான். வெள்ளையம்மா குனிந்தாள். கனகராஜ் சொல்லவே வேண்டாம். நானும் குனிந்தேன். எங்களை யாரும் குனியச் சொல்லவில்லை.

லாரிச் சத்தம் செடெனாக் திருப்பத்தில் தேய்ந்து மறைந்தது.

"நிமிருடா ஐயாசாமி," என்றார் ஆச்சி. "போயிருச்சு."